காஞ்ச பழம் கெடாதா? அத்திப்பழத்துக்குள் ஒளிந்திருந்த நஞ்சின் வரலாறு



தைப்பூசம் நெருங்கினாலே ஆலயத்துக்கு உபயப் பொருள்கள் வந்து குவியும். வாழைப்பழம், தேன், கற்கண்டு, நெய் ஒரு பக்கம். பேரீச்சம்பழம், காய்ந்த திராட்சை, இப்போதெல்லாம் அத்திப்பழமும் இன்னொரு பக்கம். எல்லாமே பஞ்சாமிர்தத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் என்று பக்தியோடு கொடுப்பவை. அவற்றை வாங்கி அடுக்கும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தை உண்டு: "காஞ்ச பழம்தானே, அது எங்கே கெடப்போகுது? அடுத்த திருவிழாவுக்கும் ஆகும், வைங்க."

நல்ல மனசோடு சொல்வதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் காய்ந்த பழமும் கெடும். சில நேரம் நிறம் மாறாமல், வாசம் மாறாமல், ருசியும் மாறாமல் கெடும். அப்படி ஒரு கேடு இருக்கிறது என்று உலகம் கண்டுபிடித்தே அறுபது சொச்சம் வருஷம்தான் ஆகிறது. அந்தக் கதையில் இங்கிலாந்து வருகிறது, துருக்கி வருகிறது, குஜராத் வருகிறது, நம்ம பேராக்கும் வருகிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனாலும் மடப்பள்ளியில் கை வைக்கிற எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய கதை. பொறுமையாகப் படிங்க.

1. செத்து விழுந்த வான்கோழிகள்

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல். வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. தொற்றுநோயா என்று தேடினார்கள், கிருமி எதுவும் அகப்படவில்லை. என்ன நோய் என்றே தெரியாததால் அதற்கு "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பேர் வைத்தார்கள். எக்ஸ் என்றால் இன்னதென்று தெரியாதது என்று அர்த்தம்.

கடைசியில் சந்தேகம் தீவனத்தின் மேல் திரும்பியது. செத்த குஞ்சுகள் தின்ற தீவனத்தில் பிரேசில் நாட்டிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு கலந்திருந்தது. 1961-இல் அந்தக் கடலையில் வளர்ந்திருந்த பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பேர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மஞ்சள் கலந்த பச்சையாக, பொடி தூவியது போல் வளரும் பூஞ்சணம். அது சுரக்கும் நஞ்சுக்கு, பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து, "அஃப்ளாடாக்சின்" என்று பேர் சூட்டினார்கள்.

இந்த நஞ்சு ஈரலைத்தான் தாக்கும். ஒரேயடியாக அதிகம் உடம்புக்குள் போனால் ஈரல் செயலிழந்து உயிரே போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் ஈரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். ஹெப்படைட்டிஸ் பி கிருமி ஏற்கெனவே உடம்பில் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. 1987-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் அஃப்ளாடாக்சினைச் சேர்த்தது.

இன்னொரு விஷயமும் அப்போதே தெரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் இந்த நஞ்சு ஒளிரும். நீலமாக ஒளிர்வதை பி வகை என்றும், பச்சையாக ஒளிர்வதை ஜி வகை என்றும் பிரித்தார்கள். ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதல் எழுத்துகள்தான் அவை. மோசமானது பி-1. இந்த ஒளிரும் விஷயத்தை மனசில் வச்சிக்குங்க, பிறகு வரும்.

2. பழம் கெடுவதை வானம் தீர்மானிக்கும்

கடலையில் வருவது பழத்தில் வராதா? வந்தது. அதிகம் வந்தது அத்திப்பழத்தில்.

இங்கே அத்தி என்றால் நம்ம ஊர்ப் பக்கம் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி இல்லை. பெட்டியில் தட்டையாக அமுக்கி வரும் சீமை அத்தி. உலகத்திலேயே காய்ந்த அத்தி அதிகம் விளைவது துருக்கியில். அங்கேயும் முக்கியமாக மேற்குக் கரையில், ஆய்டின் மாவட்டத்துப் பள்ளத்தாக்குகளில். பக்கத்தில் இருக்கும் துறைமுகம் இஸ்மீர். அதன் பழைய பேர் ஸ்மிர்னா. அந்தத் துறைமுகத்தின் பேராலேயே இந்தப் பழம் உலகமெங்கும் ஸ்மிர்னா அத்தி என்று போனது.

அத்தி பூத்தாற்போல என்று நாம் சொல்வோம் இல்லையா? அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூ பழத்துக்குள்ளேயே இருக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது ஒரு குட்டிக் குளவி. பழத்தின் நுனியில் இருக்கும் சின்னக் கண் வழியாக உள்ளே நுழையும். 1880-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா அத்திக் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் நன்றாக வளர்ந்தது, பிஞ்சுகள் மட்டும் பழுக்காமல் உதிர்ந்தன. 1899-இல் அந்தக் குளவியையும் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் பழம் நின்றது. அத்தனை நுட்பமான மரம் இது.

ஆனால் குளவிக்குத் திறந்திருக்கும் அதே கண் வழியாகத் தூசியும், பூச்சிகளும், அவற்றோடு பூஞ்சண விதைகளும் உள்ளே போகலாம். காய் பச்சையாக, இறுக்கமாக இருக்கும்வரை பூஞ்சணம் அதில் காலூன்ற முடிவதில்லை. பழம் பழுத்து இளகி, இனிப்பு ஏறும்போதுதான் அதற்கு வேட்டை.

இங்கேதான் வானிலை உள்ளே வருகிறது. அத்திப்பழத்தை மற்ற பழம் போல மரத்திலிருந்து பறித்துக் காய வைப்பதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அது மரத்திலேயே பழுத்து, சுருங்கி, பாதி காய்ந்து தானாகக் கீழே விழும். விழுந்ததைப் பொறுக்கி, தட்டுகளில் பரப்பி வெயிலில் காய வைப்பார்கள். மரத்தில் இருக்கும் நாள்கள், தரையில் கிடக்கும் நேரம், தட்டில் காயும் நாள்கள் என்று மூன்று கட்டம். மூன்றிலும் பழம் முழுசாகக் காயவில்லை, அதேசமயம் பச்சையாகவும் இல்லை. பூஞ்சணத்துக்குப் பிடித்த பதம் அதுதான்.

வெயில் சுள்ளென்று அடித்து, காற்று வறண்டு இருந்தால் பழம் சீக்கிரம் காய்ந்து தப்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து மழை பெய்தாலோ, ஈரக்காற்று வீசினாலோ காய்வது இழுத்துக்கொண்டே போகும். பூஞ்சணத்துக்கு ஒவ்வொரு நாளும் லாபம். அதற்காக வறட்சி நல்லது என்றும் சொல்ல முடியாது. கோடையில் மரம் தண்ணீரில்லாமல் தவித்தால் அதன் எதிர்ப்புச் சக்தி குறையும். இந்தப் பூஞ்சணமோ சூட்டை விரும்புவது, 30 டிகிரிக்கு மேலேயும் செழிப்பாக வளரும். ஆக, வளரும் காலத்தில் வறட்சி, காயும் காலத்தில் ஈரம் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் விவசாயிக்கு இரட்டை அடி. அதனால்தான் ஒரே தோட்டம், ஒரே மரம், ஒரே ஆள் பார்த்தும் ஒரு வருஷம் பழம் சுத்தமாக இருக்கும், மறுவருஷம் நஞ்சு ஏறியிருக்கும்.

3. இருட்டறையில் ஒரு வேலை

1980-களில் ஐரோப்பிய நாடுகள் அத்திப்பழத்தைச் சோதிக்க ஆரம்பித்தபோது துருக்கி வியாபாரிகளுக்குச் சிக்கல் பிடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பழத்தை நம்பி இருந்தன.

இதில் பெரிய தொல்லை என்னவென்றால், நஞ்சு எல்லாப் பழத்திலும் பரவலாக இருக்காது. நூற்றுக்கணக்கான பழம் சுத்தமாக இருக்கும், ஒரே ஒரு பழத்தில் மட்டும் பயங்கரமாக ஏறியிருக்கும். பத்துப் பழத்தை எடுத்துச் சோதித்து முடிவு சொல்ல முடியாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஒரு பெரிய சரக்கைச் சோதிக்க 30 கிலோ வரை மாதிரி எடுக்கிறார்கள்.

அப்போது கை கொடுத்தது அந்த ஒளிரும் விஷயம்தான். இந்தப் பூஞ்சணம் வளர்ந்த அத்திப்பழம் புற ஊதா விளக்கின் கீழே பளிச்சென்று பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். துருக்கியின் பதனீட்டுக் கூடங்களில் ஜன்னலை அடைத்து, இருட்டறை அமைத்து, ஊதா விளக்கின் கீழே பழங்களை ஓடவிட்டு, மின்னுகிற பழத்தைக் கையால் பொறுக்கி எடுக்கும் வேலை நடக்கிறது. நம் கைக்கு வரும் ஒரு பெட்டி அத்திக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா இருட்டில் கண்ணை நட்டுப் பொறுக்கிய உழைப்பு இருக்கலாம்.

2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கி அத்திக்கும் சில பருப்பு வகைகளுக்கும் தனிக் கட்டுப்பாடு போட்டது. 2008-இல் கோடெக்ஸ் எனப்படும் உலக உணவுத் தர அமைப்பு, காய்ந்த அத்தியில் இந்த நஞ்சைத் தடுக்கத் தோட்டத்திலிருந்தே என்னென்ன செய்ய வேண்டும் என்று நடைமுறை விதிகள் வெளியிட்டது. 2012-இல் அதே அமைப்பு உச்ச அளவையும் வகுத்தது: ஒரு கிலோ பழத்தில் 10 மைக்ரோகிராம். புரியும்படி சொன்னால், ஒரு டன் பழத்தில் 10 மில்லிகிராம். ஒரு அரிசி மணியின் பாதி எடைகூட வராது. அவ்வளவு சிறு அளவையே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால் இதன் வீரியத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

"அப்போ நாமும் ஒரு ஊதா விளக்கு வாங்கிப் பார்த்துடலாமே" என்று தோன்றும். வேண்டாங்க. மின்னுவதெல்லாம் நஞ்சு இல்லை, மின்னாததெல்லாம் சுத்தமும் இல்லை. அந்த வெளிச்சம் கண்ணுக்கும் கெடுதல். அது பயிற்சி பெற்றவர்கள் செய்கிற முதல் வடிகட்டல், அதன் பிறகு ஆய்வகச் சோதனையும் இருக்கிறது.

4. திராட்சையின் கதை வேறு

காய்ந்த திராட்சையைப் பிடிக்கும் நஞ்சு பெரும்பாலும் வேறு. அதன் பேர் ஓக்ராடாக்சின். 1965-இல் தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இது ஈரலைவிடச் சிறுநீரகத்தைத்தான் அதிகம் தாக்கும். திராட்சையில் இதைச் சுரப்பது கறுப்பு நிறப் பூஞ்சணங்கள். அவற்றின் விதைகள் கறுப்பாக இருப்பதாலேயே கொளுத்தும் வெயிலையும் தாங்கிக்கொள்ளும். மற்ற பூஞ்சணங்களைக் கொல்லும் வெயில் இவற்றை ஒன்றும் செய்வதில்லை.

இங்கேயும் வில்லன் மழைதான். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழுத்த திராட்சை நீரை உறிஞ்சித் தோல் வெடிக்கும். வெடித்த இடம்தான் வாசல். அதனால் துருக்கியிலும் ஆஸ்திரேலியாவிலும் திராட்சையைக் காயப்போடும் முன் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த நீரில் நனைப்பார்கள். மேல்தோலின் மெழுகு இளகி, பழம் சில நாள் முன்னதாகவே காய்ந்துவிடும். அந்தச் சில நாள்தான் பூஞ்சணத்துக்கும் மனிதனுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம்.

பேரீச்சம்பழத்துக்கும் பழுக்கும் நேரத்து மழை ஆகாது. பாலைவனத்தில் விளைவதால் பெரும்பாலும் தப்பிக்கிறது. மழை வரக்கூடிய இடங்களில் குலைகளுக்கு உறை போட்டு மூடி வைக்கிறார்கள்.

5. மழை தவறிப் பெய்த வருஷம்

வானம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1974-ஐவிட வேதனையான சான்று இல்லை. குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பன்ஸ்வாடா மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் காலம் தவறி மழை பெய்தது. மக்காச்சோளம் நனைந்தது. சரியாகக் காய வைக்க வழியில்லை, சேமிக்க நல்ல இடமும் இல்லை. சோளத்தில் பூஞ்சணம் ஏறியது.

அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பழங்குடி மக்கள். மக்காச்சோள ரொட்டிதான் அவர்களுக்குச் சாப்பாடே. பூசணம் பிடித்தது கண்ணுக்குத் தெரிந்தாலும் வேறு தானியம் வாங்கக் கையில் காசில்லை. அதையே சாப்பிட்டார்கள். மஞ்சள் காமாலை வந்தது, வயிறு வீங்கியது, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ரொட்டியைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. ஆராய்ந்து பார்த்தபோது காரணம் அஃப்ளாடாக்சின்.

நம்ம நாட்டிலும் நடந்தது. 1988 அக்டோபரில் பேராக்கில் சில நாள்களுக்குள் 13 சீனக் குழந்தைகள் இறந்தார்கள். இரண்டரை வயதிலிருந்து 11 வயதுக்குள் இருந்த பிள்ளைகள். ஈரல் செயலிழந்து, அது மூளையைத் தாக்கி இறந்தார்கள். விசாரித்ததில் எல்லாம் ஒரு நூடல்ஸில் போய் நின்றது, லோ ஷி ஃபன் என்கிற அரிசி நூடல்ஸ். இறந்த குழந்தைகளின் உடல் மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் இருந்தது உறுதியானது. வயசான பேராக் வாசகர்களுக்கு அந்த நாள்கள் ஞாபகம் இருக்கும். அது பழம் இல்லை, நூடல்ஸ்தான். ஆனால் நஞ்சு அதே நஞ்சு.

ஐரோப்பாவில் இதெல்லாம் வெப்ப நாடுகளின் பிரச்சினை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 2012-இல் செர்பியாவில் கடும் வெயிலும் வறட்சியும் அடித்தன. அந்த வருஷத்து மக்காச்சோளத்தில் நஞ்சு ஏறியது, அதைத் தின்ற மாடுகளின் பாலிலும் இறங்கியது. 2013-இல் அந்தப் பால் பெரிய பிரச்சினையாக வெடித்தது. பூமி சூடாகச் சூடாக இந்தப் பூஞ்சணமும் புதுப்புது ஊர்களுக்குக் குடிபோகிறது.

6. நம்ம மடப்பள்ளிக்கு இதில் என்ன?

தோட்டத்தில் நடப்பது நம் கையில் இல்லை. பழம் மலேசியாவுக்கு வந்த பிறகு நடப்பது நம் கையில்தான் இருக்கிறது. நாம் இருக்கும் ஊரின் காற்றை நினைத்துப் பாருங்க. வருஷம் முழுக்க வெப்பம், வருஷம் முழுக்க ஈரம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தைப்பூசம் விழுவதும் அதற்குள்தான். ஆய்டினில் வெயிலில் உலர்த்தி வெளியேற்றிய ஈரத்தை, பெட்டியைத் திறந்து வைத்தால் நம்ம ஊர்க் காற்று திரும்பவும் பழத்துக்குள் ஏற்றிவிடும்.

"கொதிக்க வச்சா போயிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போகாது. பூஞ்சணம் செத்துப்போகும், அது சுரந்த நஞ்சு அப்படியே இருக்கும். அஃப்ளாடாக்சின் சிதையச் சுமார் 250 டிகிரி சூடு வேண்டும். பொங்கல் கொதிப்பது 100 டிகிரியில். கழுவினாலும் போகாது, ஏனென்றால் அது சதைக்குள் ஊறியிருக்கும். பூசணம் பிடித்த பக்கத்தை மட்டும் கிள்ளிப் போட்டாலும் போதாது.

அதனால் எங்கள் மடப்பள்ளியில் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறோம். உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

– உபயமாக வந்த காய்ந்த பழத்தின் மேல் வந்த தேதியை எழுதி ஒட்டுவோம். முதலில் வந்தது முதலில் செலவாகணும்.

– திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்போம். தரையிலோ, சுவரை ஒட்டியோ, அடுப்புக்குப் பக்கத்திலோ வைப்பதில்லை.

– அத்திப்பழத்தையும் பேரீச்சம்பழத்தையும் முழுசாகப் போடுவதில்லை. ஒவ்வொன்றையும் பிட்டுப் பார்ப்போம். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உள்ளே கறுப்புப் பொடியோ, பச்சை மஞ்சள் பொடியோ, நூல் போன்ற பூசணமோ, புழுவோ இருந்தால் ஒதுக்கிடுவோம்.

– வெளியே வெள்ளையாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். காய்ந்த பழத்தின் சர்க்கரை மேலே பூத்து வருவதும் உண்டு, விரலில் தேய்த்தால் மணல் போல இருக்கும், வெந்நீரில் கரையும். பஞ்சு போல, நூல் போல இருந்தால் அது பூசணம். சந்தேகமாக இருந்தால் போடுவதில்லை.

– ஒரு பொட்டலத்தில் பூசணம் பிடித்த பழங்கள் கிடந்தால் பொட்டலத்தையே ஒதுக்கிவிடுவோம்.

பயந்துகொண்டு பழம் சாப்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். நல்ல கடையில், சரியான முத்திரையும் தேதியும் உள்ளதை, தேவையான அளவு வாங்கி, சீக்கிரம் பயன்படுத்தினால் போதும். எங்கள் கவலை பழத்தின் மேல் இல்லை. மாசக்கணக்கில் மூலையில் கிடக்கும் பெட்டியின் மேல்தான்.

உபயக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவதைவிட, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு எவ்வளவு தேவை என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க. வீட்டில் மிச்சம் இருந்த, தேதி முடியப்போகிற பொட்டலத்தை ஆலயத்துக்கு அனுப்ப வேண்டாம். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதைச் சாமிக்குப் படைக்கலாமா?

இன்னொன்று. உபயமாக வந்ததை நாங்கள் ஒதுக்கிப் போடுவதைப் பார்த்துச் சிலர் மனசு வருத்தப்படுகிறார்கள். "சாமிக்குன்னு வந்ததைத் தூக்கிப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். அந்த உணர்வை மதிக்கிறோம். ஆனால் பிரசாதத்தை முதலில் கையில் வாங்குவது யாருன்னு பாருங்க. குழந்தைகள், வயசானவர்கள், விரதம் இருந்து வெறும் வயிற்றோடு காவடி எடுத்து வந்தவர்கள். அவர்கள் அதைச் சோதித்துப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே வாயில் போடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாங்கள்தான் காவல்.

1974-இல் அந்த மலைக்கிராமத்து மக்களுக்குப் பூசணம் பிடித்த சோளத்தைத் தூக்கிப் போட வசதியில்லை, அதனால் சாப்பிட்டார்கள். நமக்கு அந்த வசதியைக் கடவுள் கொடுத்திருக்கிறான். அதைப் பயன்படுத்துவதில் பாவம் ஒன்றும் இல்லை.

இந்தப் பதிவை மற்ற ஆலயங்களின் தொண்டூழியர்களுக்கும், அன்னதானக் குழுக்களுக்கும் பகிருங்க.

முருகன் திருவருள் முன்னிற்க.